இரண்டு தட்டு

பரிசு என்பது ஒரு பொருள் அல்ல. காலத்தின் கரங்களிலிருந்து அன்பு மீட்டுக்கொண்டு வந்த சாட்சி. இந்த வாக்கியத்தைத் தலைவர் மூன்று நாளாக மெருகேற்றிக்கொண்டிருந்தார். அதன் இறுதி வடிவம் அவருக்குக் கைகூடியபோது, அவர் தம் வீட்டுக் கார் ஷெட்டில், ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியின் பின்புறத்துக்குள் தலையையும் ஒரு தோளையும் நுழைத்து, கரண்டியால் எலிப்புழுக்கையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அது என் கரண்டி," என்றாள் அவர் மனைவி வாசலில் நின்று.

"கழுவித் தந்துடறேன்."

"வேண்டாம். நீங்களே வெச்சுக்குங்க. உங்க சங்கத்துல பொன்னாடைக்குப் பதிலா அதைப் போத்தட்டும்."

மின் இலாகாவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு அவர் வெறும் ஆளாக ஒரு வாரம்கூட இருந்ததில்லை. குடியிருப்போர் சங்கத்துக்கும், ஓய்வுபெற்றோர் மன்றத்துக்கும், காலை நடைப்பயிற்சிக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். நடைப்பயிற்சிக் குழுவில் மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவருக்கு முழங்கால் வலி.

மனைவி போய்விட்டாள். மதியம் மூன்று மணி. தகரக் கூரை வெயிலில் விரிந்து டிக், டிக் என்று முனகியது. ஆளுயரப் பெட்டி மின்சாரம் பாய்ந்து உறுமிக்கொண்டிருந்தது. அதன் பழைய படக்குழாய் சூடாகி, பல வருடத்துத் தூசி கருகும் மணம் ஷெட் முழுக்கப் பரவியிருந்தது. திரையில் ஒரு சின்ன வண்டி ஆளில்லாமல் இங்குமங்கும் ஓடியது. மேலிருந்து கற்கள் விழுந்தன. விழும் கற்களிடமிருந்து வண்டியைத் தப்பிக்க வைப்பதுதான் ஆட்டம். திரையின் மூலையில், காசு என்ற இடத்தில் பூஜ்யம் நின்றது.

பக்கப் பலகையைக் கறையான் அரித்திருக்கிறதா என்று பார்க்க, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் அவர் இரண்டு தட்டுத் தட்டினார்.

உள்ளே எங்கோ, மிகச் சின்னதாக, ஒரு க்ளிக்.

திரையின் மூலையில் பூஜ்யம் போய் ஒன்று வந்தது.

காசு போடுகிற முன்கதவு பூட்டியிருந்தது. அதன் சாவி தொலைந்து முப்பது வருடமாவது இருக்கும். துவாரத்தில் யாரும் எதுவும் போடவில்லை. அதற்குக் கீழே, செல்லாத காசு திரும்பி விழுகிற சிறிய குழி; குழிக்கு ஒரு தகர மூடி. அந்த மூடி லேசாக ஆடிக்கொண்டிருந்தது, இப்போதுதான் யாரோ விரலை எடுத்த மாதிரி.

மின்கசிவு, என்றார் தலைவர் தமக்குத் தாமே. இலாகாவில் முப்பத்து நான்கு வருடம் எல்லாவற்றுக்கும் அவர் எழுதிய காரணம் அதுதான்.

இந்தப் பெட்டி அவர் கழுத்தில் ஏறியது மேடையில்தான். எட்டு மாதம் முன்பு அவருடைய ஒரே தம்பி இறந்துபோனான். இரங்கல் கூட்டத்தில் தலைவர் இருபத்தைந்து நிமிடம் பேசினார். ஆறு வயதுத் தம்பி தெருமுனை வீடியோ கேம் கடையில் ஒரு பெட்டிக்குள் விளையாட்டாக ஒளிந்துகொண்டு மாட்டிக்கொண்டதையும், பதினொரு வயது அண்ணனான தாம் இரவெல்லாம் தெருத்தெருவாகத் தேடி மறுநாள் அவனை மீட்டெடுத்ததையும் அவர் சொன்னபோது, கைதட்டக் கூடாத கூட்டத்தில் நாலு பேர் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் அவரை எங்கோ தூக்கிக்கொண்டு போனது. "அந்தப் பெட்டி உலகின் எந்த மூலையில் இருந்தாலும் கண்டுபிடித்து, புதுப்பித்து, என் தம்பி மகள் புது வீட்டுக்குக் குடிபோகும் நாளில் பரிசாக அளிப்பேன்," என்று அறிவித்துவிட்டார்.

உலகின் மூலையெல்லாம் தேவைப்படவில்லை. பழைய இரும்புக் கடையில், ஒரு கிழிந்த மெத்தைக்குப் பின்னால் அது நின்றது. முன்கதவில் இருந்த நெளிவைப் பார்த்ததுமே அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வேறு பெட்டியாக இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டார்.

மறுநாள் டிவி மெக்கானிக் வந்தார். பேச்சுத் துணையில்லாமல் வேலை செய்யத் தெரியாத மனிதர்.

"இது ஒண்ணுமே இல்ல சார். காசு மேல இருந்து விழும். இந்த மெல்லிசுக் கம்பி மேல படும். கம்பி அமுங்கினா ஸ்விட்சு. ஸ்விட்சு அமுங்கினா ஒரு ஆட்டம். அவ்வளவுதான் இதோட அறிவு."

"தட்டினால் ஏறுகிறது."

"ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்." மெக்கானிக் பின்புறத்தில் தலையை விட்டபடி சிரித்தார். குரல் பெட்டிக்குள்ளிருந்து கம்மலாக வந்தது. "நாங்க சின்ன வயசுல என்ன பண்ணுவோம் தெரியுமா? இருக்கிறதுலயே பொடியனா ஒருத்தனைப் பிடிச்சு இந்தப் பின்கதவு வழியா உள்ள தள்ளி, கொக்கியைப் போட்டுடுவோம். வெளிய இருந்து நாம தட்டணும், உள்ள இருந்து அவன் கையாலயே கம்பியை அமுக்கணும். கடைக்காரர் கல்லாவுல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருப்பாரு. நாள் பூரா ஓசி ஆட்டம்! நீங்க பண்ணலையா சார்?"

"எங்கள் குடும்பத்தில் அந்த மாதிரிப் பழக்கமெல்லாம் கிடையாது," என்றார் தலைவர், மேடைத் தமிழில்.

"நாங்க மூணு தட்டு வெச்சிருந்தோம்."

"மூணு எதுக்கு, ரெண்டு போதுமே."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. மெக்கானிக் தலையை வெளியே எடுத்து அவரைப் பார்த்தார். கூரை டிக் என்றது.

"ரெண்டும் வெக்கலாம் சார்," என்றார் மெக்கானிக் மரியாதையாக, ஸ்விட்சை மாற்றினார், கிளம்பிவிட்டார். அவர் அவ்வளவு சீக்கிரம் எந்த வீட்டிலிருந்தும் கிளம்பியதில்லை.

தனியானதும் தலைவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்புறத்தில் குனிந்தார். படக்குழாய்க்குக் கீழே ஒரு பொந்து இருந்தது. ஒரு சின்ன உடம்பு முழங்காலை மார்போடு மடித்துக்கொண்டால் கொள்ளும். அங்கே மரத்தூளின் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. ரப்பர் செருப்பு. வியர்வை. புளிப்பு மிட்டாய். தம்பியை உள்ளே போகச் சம்மதிக்க வைக்க, ஒவ்வொரு முறையும் அவர் வாயில் பாதி கரைந்த மிட்டாயைத்தான் எடுத்துக் கொடுப்பார். தம்பி அதைப் பிரசாதம் மாதிரி வாங்கிக்கொள்வான்.

பலகையின் உட்புறம், உட்கார்ந்த குழந்தையின் தோள் மட்டத்தில், நகக்கீறல்கள் இருந்தன. கோபத்தில் கீறியவை அல்ல. பொறுமையாக, இரண்டு இரண்டாக, பக்கத்தில் பக்கத்தில், வரிசை தவறாமல். வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி.

எலி, என்றார் தலைவர்.

பிறகு மணல்தாளை எடுத்து அந்த எலியின் கணக்கு முழுவதையும் தேய்த்து அழித்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. அதன்மேல் கறுப்புப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தார். மனைவி டீ கொண்டுவந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன.

"அழுதீங்களா?"

"பெயிண்ட் நெடி."

"தம்பி நினைப்பு வந்தா அழலாம். நான் ஒண்ணும் உங்க சங்க மினிட் புக்ல எழுதமாட்டேன்."

வியாழக்கிழமை சாயங்காலம் தம்பி மகள் போன் செய்தாள். கட்டட வரைபடம் போடுகிற வேலை அவளுக்கு. புது வீட்டுக்கும் அவளே வரைந்திருந்தாள். தலைவர் ஷெட்டில் நின்றுதான் பேசினார். பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"பெரியப்பா, அப்பா அந்தப் பெட்டியைப் பத்தி உங்ககிட்ட பேசுவாரா?"

"பேசாம? அண்ணன் காப்பாத்தினான், அண்ணன் காப்பாத்தினான்னு..."

"என்கிட்ட ஒரு தடவைகூட சொன்னதில்ல. வீட்டுல எந்தக் கதவையும் சாத்த விடமாட்டாரு. பாத்ரூம்கூட பாதி திறந்துதான். அம்மா திட்டிக்கிட்டே இருப்பாங்க. நான் என் வீட்டுல உள்கதவே வெக்கல பெரியப்பா. அப்பா வந்து தங்கினா வசதியா இருக்கும்னு வரைஞ்சேன். வரதுக்குள்ள போயிட்டாரு."

"ம்."

"இன்னொண்ணு கேக்கணும். கடைசி பத்து நாள் ஆஸ்பத்திரியில அவருக்கு நினைவே இல்ல. கூப்பிட்டா திரும்பமாட்டாரு, ஊசி குத்தினாக்கூட முகம் சுளிக்கல. ஆனா நர்ஸ் உள்ள வரப்ப கதவை ரெண்டு தட்டு தட்டுவாங்க பாருங்க, அப்ப மட்டும் அவரோட வலது கட்டைவிரல் கீழ அமுங்கும். ஒவ்வொரு தடவையும். எதையோ அமுக்கற மாதிரி. டாக்டர் அது ஒண்ணுமில்ல, நரம்புன்னாரு. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

தலைவர் திரையைப் பார்த்தார். சின்ன வண்டி. விழும் கற்கள்.

அப்போது அவர் ஓர் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தார். தம்பி தானாக ஒளியவில்லை. ஓசி ஆட்டத்துக்காக அவர்தான் உள்ளே அனுப்பினார். சத்தம் போட்டால் கடைக்காரர் தோலை உரித்துவிடுவார், மூச்சுகூட விடாதே என்று சொல்லிக் கொக்கியைப் போட்டவரும் அவர்தான். ஆனால் திடீரென்று கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். குழந்தைப் பயம். இவர் ஓடிவிட்டார். வீட்டில் எல்லாரும் தம்பி வழக்கம்போலச் சித்தி வீட்டுக்குப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். "அந்தப் பயம்தாம்மா என் வாழ்நாள் பாவம்," என்றார். குரல் தழுதழுத்தது. தழுதழுப்பு இயல்பாக வந்திருப்பதையும் அவர் கவனித்தார்.

போனில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பதினொரு வயசு. பயந்திருப்பீங்க," என்றாள். "விடுங்க பெரியப்பா. அப்பாவும் மன்னிச்சிருப்பாரு. அதான் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொல்லல."

போனை வைத்ததும் தலைவருக்கு நெஞ்சு லேசானது. உண்மை சொன்னவனின் நிம்மதி. நல்ல மனிதர்களுக்குத்தான் இப்படி வாய்க்கும் என்று தோன்றியது. அந்த உற்சாகத்தில் பெட்டியின் பக்கப் பலகையை, ஒரு நண்பனின் முதுகைத் தட்டுவதுபோல, தட்டினார்.

இரண்டு தட்டு.

க்ளிக்.

ஒன்று.

அவர் மறுபடி தட்டவில்லை.

க்ளிக். இரண்டு.

அவர் முன்கதவின் ஓரத்தை நெம்பித் திறந்தார். புது ஸ்விட்ச். அதன் மெல்லிய கம்பி. கம்பி கீழே போனது, மேலே வந்தது. எதுவும் அதைத் தொடவில்லை. ஸ்விட்சுக்குப் போகிற இரண்டு வயர்களையும் வெட்டினார். வெட்டிய முனைகள் இரண்டும் தனித்தனியே தொங்கின.

க்ளிக். மூன்று.

டார்ச். பின்புறம். இரண்டு கோட் கறுப்புப் பெயிண்ட் இன்னும் பிசுபிசுத்தது. அதன்மேல் கீறல்கள். இரண்டு இரண்டாக. வரிசை தவறாமல். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருந்தன.

படக்குழாயின் உறுமலுக்குள் வேறொரு சத்தம் இருப்பது அப்போதுதான் அவருக்குக் கேட்டது. இவ்வளவு நாளும் இருந்திருக்கும். மூக்கடைத்த குழந்தை வாயால் மூச்சு விடுகிற சத்தம். சின்னது. ஈரமானது. யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாதே என்று பயந்து பயந்து விடுகிறது.

"மூச்சு விடாதே," என்றார் தலைவர்.

அதைச் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. நாற்பத்தேழு வருடப் பழைய குரலில் அது தானாக வந்தது.

சத்தம் உடனே நின்றது.

அந்தக் கீழ்ப்படிதல்தான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. அவர் பின்கதவைச் சாத்தினார். கொக்கியைப் போட்டார். கொக்கி போதாது என்று தோன்றியது. எட்டு ஸ்க்ரூ எடுத்து, நாலு மூலையிலும் இரண்டிரண்டாக முறுக்கினார். எட்டாவது கோணலாக இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரைக்கு விழா. ஷெட்டுக்குள் முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மைக் செட் வந்திருந்தது. பெட்டியின்மேல் சிவப்பு ரிப்பன். வயர் வெட்டிய பெட்டி ஆடவா போகிறது, பேச்சு முடிந்ததும் அப்படியே வண்டியில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்பது தலைவரின் திட்டம். புதுச் சட்டையில் நின்று அவர் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தபோது தம்பி மகள் முன்னதாகவே வந்துவிட்டாள். மணி பதினொன்று. நாற்காலிகள் எல்லாம் காலியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நல்லா பண்ணியிருக்கீங்க பெரியப்பா." அவள் பலகையைத் தடவினாள். அப்பாவின் சாயல் அவளுக்கு. காது மடல்கூட அதேதான். "போட்டுப் பாக்கலாமா?"

"எல்லாரும் வரட்டுமே..."

அவளே சுவிட்சைப் போட்டுவிட்டாள். உறுமல் எழுந்தது. தூசி கருகும் மணம். கையிலிருந்த மைக்கில் தலைவரின் மூச்சு ஷெட் முழுக்கக் கேட்டது.

திரையின் மூலையில் பூஜ்யம்.

அவள் விரல் மடக்கி, கதவைத் தட்டுவதுபோல, இரண்டு தட்டுத் தட்டினாள்.

க்ளிக்.

ஒன்று.

அவள் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. மறுபடி தட்டினாள். இரண்டு. மறுபடி. மூன்று. பிறகு மெல்லக் குந்தி உட்கார்ந்து, முன்கதவில் காதை வைத்தாள்.

"பெரியப்பா. உள்ள யாரோ மூச்சை அடக்கிக்கிட்டு இருக்காங்க."

மைக் கூவியது. தலைவர் அதை அணைக்கத் தெரியாமல் நின்றார்.

செல்லாத காசு விழுகிற குழியின் தகர மூடி உயர்ந்தது. நான்கு விரல் நுனிகள் அதை உள்ளிருந்து தூக்கிப் பிடித்திருந்தன. ஆறு வயது விரல்கள். நகங்கள் சதைவரை தேய்ந்து, நுனியெல்லாம் கறுப்புப் பெயிண்ட். அவை எதையும் பிடிக்க வரவில்லை. கொஞ்சம் வெளிச்சத்துக்காக, கொஞ்சம் காற்றுக்காக, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தன. அவ்வளவுதான்.

அவள் தன் சுண்டுவிரலை நீட்டி அந்த விரல்களைத் தொட்டாள்.

"அப்பா," என்றாள்.

பிறகு எழுந்து பின்புறம் ஓடினாள். ஸ்க்ரூக்களைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து புது வீட்டின் சாவியை எடுத்து, அதன் முனையால் முதல் ஸ்க்ரூவைத் திருகினாள். சாவி வழுக்கியது. மறுபடி திருகினாள்.

"திறங்க பெரியப்பா! எட்டு ஸ்க்ரூ போட்டிருக்கீங்களே, எதுக்கு எட்டு? ஸ்க்ரூ டிரைவர் எங்க? பெரியப்பா!"

திரையில் ஆட்டம் தொடங்கியிருந்தது. சின்ன வண்டி கீழே வந்து நின்றது. முதல் கல் இறங்கியது. தலைவரின் இடது கை மைக்கைப் பிடித்திருந்தது. வலது கை, வண்டியை நகர்த்தும் கைப்பிடியின்மேல் இருந்தது. எப்போது வைத்தார் என்று தெரியவில்லை. வண்டி நகர்ந்தது. கல் பக்கத்தில் விழுந்தது. அடுத்த கல். உள்ளங்கைக்கு அந்தப் பிடி இன்னும் நினைவிருந்தது.

"பெரியப்பா!"

தகர மூடிக்குக் கீழே விரல்கள் காத்திருந்தன.

அன்று கடைக்காரர் எழுந்து வரவில்லை. யாரும் வரவில்லை. ஆட்டத்தில் அதுவரை யாரும் எடுக்காத எண்ணிக்கை ஒன்றை எடுத்த பூரிப்பில், தெருப் பையன்களிடம் பீற்றிக்கொள்ள ஓடிய அவர், தம்பி உள்ளே இருப்பதை மறந்துவிட்டார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். நன்றாகத் தூங்கினார். மறுநாள் காலை பதினொரு மணிக்கு, கடை திறந்ததும் போய், பழக்கத்தில் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே க்ளிக் என்றது. ஒன்று ஏறியது. அப்போதுதான் நினைவு வந்தது.

முதலில் அந்த ஆட்டத்தை ஆடி முடித்தார்.